பாணுக்கு நாடித்துடிப்பு 78

விடுதி அறை மேசையில் அரை இறாத்தல் பாண் ஒன்று கிடந்தது. முதல்நாள் இரவு பருப்போடு பாதி சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தைப் பையில் சுற்றி வைத்திருந்தோம். அந்தப் பாணுக்கு நான் என்னுடைய புது மணிக்கூட்டைக் கட்டினேன். அடியில் பச்சை வெளிச்சம் இரண்டு மூன்று தரம் மினுங்கியது. பிறகு திரையில் ஒரு சின்னச் சிவப்பு இதயம் வந்து துடிக்கத் தொடங்கியது. 78.

என் அறைத்தோழி ஹட்டன்காரி. பாணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒன்ன விட இது நல்லா இருக்குடி."

உண்மைதான். அன்று காலையில் அதே மணிக்கூடு எனக்குக் காட்டியது 91.

இதயத்துடிப்புப் பார்க்கிற மணிக்கூடு ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் ஏன் வாங்கினேன் என்பதைச் சொல்லாமல், எதை வாங்கினேன் என்பதை மட்டும் சொல்ல ஏலாது. அதனால் கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருக்கு.

நான் ஏ.எல். இரண்டாம் தரம் எழுதப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. அப்பாவுக்கு அப்போது 49 வயது. தச்சுவேலை. அன்று விடிய இருந்தே, "இடது கை உளையுது, மரம் தூக்கினதாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியானம் சேட் முழுக்க வேர்த்து, பட்டறைக்குள்ளேயே நிலத்தில் இருந்துவிட்டார். அம்மாதான் 1990க்கு அடித்தார். அம்புலன்ஸ் வந்தது. அப்பா தப்பிவிட்டார். வீட்டில் உப்புக் குறைந்தது, பொரியல் நின்றது, கிளினிக் கொப்பி ஒன்று சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. அதைப்பற்றி யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை. கதைத்தால் திரும்பி வந்துவிடும் என்பது போல எல்லோரும் இருந்தோம்.

எனக்கு மட்டும் ஒரு பழக்கம் வந்தது. இரவில் லைட்டை அணைத்த பிறகு, கழுத்தில் விரலை வைத்து எண்ணுவேன். எத்தனை வந்தால் சரி, எத்தனை வந்தால் பிழை என்று ஒன்றும் தெரியாது. சும்மா எண்ணுவேன். எண்ணத் தொடங்கினால் வேகம் கூடும். கூடினால் பயம் வரும். பயம் வந்தால் இன்னும் கூடும்.

பிறகு பேராதனைக்கு வந்தேன். மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஏற்றம் என்றால் கல்லடிப் பாலம்தான். இங்கே நூலகத்துக்கு ஏற்றம், விடுதிக்கு ஏற்றம், சாப்பாட்டுக்கும் ஏற்றம். முதலாம் வருடத்தில் பட்ச் எல்லோரும் சேர்ந்து ஹந்தானை ஏறினோம். பாதியில் நான் ஒரு கல்லில் இருந்துவிட்டேன். இதயம் நெஞ்சுக்குள் இல்லை, இரண்டு காதுக்குள்ளும் இருந்து அடித்தது. "பழக்கமில்லை, அதுதான்" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும், நான் அப்பாவின் மகள், அதுதான் என்று பட்டது.

அந்தக் கிழமைதான் உடற்பயிற்சி செய்வது என்று முடிவெடுத்தேன். சப்பாத்து வாங்க முதலே மணிக்கூடு வாங்கினேன். பயத்தில் வாங்கினது என்பது இப்போது விளங்குகிறது.

முதலாவது மணிக்கூடு

லீவில் ஓ.எல். பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்த காசில் 4500 ரூபாவுக்கு ஒன்லைனில் எடுத்தது. இதயத்துடிப்பு, பிறஷர், ஒட்சிசன், மன அழுத்தம் எல்லாம் பார்க்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. படுத்திருந்தாலும் 91, படி ஏறினாலும் 91, ஓடினாலும் 94. அந்தச் சந்தேகத்தில்தான் பாணுக்குக் கட்டிப் பார்த்தேன்.

இந்த மணிக்கூடுகள் எப்படி வேலை செய்கின்றன என்று பிறகுதான் தேடி வாசித்தேன். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒவ்வொரு தரம் அடிக்கும்போதும் மணிக்கட்டுத் தோலுக்குக் கீழே இரத்தம் கூடிக் குறையும். அதற்கேற்ப, தோலில் பட்டுத் திரும்பி வருகிற ஒளியும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு தாளத்தைத் தேடி, நிமிடத்துக்கு இத்தனை என்று மணிக்கூடு கணக்குப் போடுகிறது. பாணில் தாளம் இல்லை. ஆனால் தேடச் சொன்னால் அது எதையாவது கண்டுபிடித்துத் தருகிறது. நியாயத்துக்காக இதையும் சொல்லவேண்டும்: பிறகு நான் வாங்கின நல்ல மணிக்கூட்டையும் பாணுக்குக் கட்டினேன். அதுவும் ஒருதரம் எண் காட்டியது. ஆகவே பாண் பரிசோதனை சிரிக்க மட்டும்தான். முதலாவது மணிக்கூட்டின் உண்மையான பிழை, நான் ஓடுவதும் படுத்திருப்பதும் அதற்கு ஒன்றாக இருந்ததுதான்.

இரண்டாவது மணிக்கூடு

இந்தமுறை அவசரப்படவில்லை. எனக்கு என்ன வேணும் என்று கொப்பியில் எழுதினேன். ஓடும்போது எண் தொடர்ந்து தெரியவேண்டும், நின்று பட்டனை அமத்திப் பார்க்கிற மாதிரி இருக்கக்கூடாது. பட்டி என் மெல்லிய கைக்கு இறுக்கிக் கட்டுப்படவேண்டும். கடைகளில் கட்டிப் பார்த்த பாதி மணிக்கூடுகள் கடைசி ஓட்டையிலும் என் கையில் வளையல் மாதிரி ஆடின. தேவைப்பட்டால் புளூடூத்தில் நெஞ்சுப்பட்டி ஒன்றோடு இணைக்கக்கூடியதாக இருக்கவேண்டும். பற்றரி நாலைந்து நாளாவது நிற்கவேண்டும்.

கணக்கில் எடுக்காதவையும் உண்டு. கையில் காற்றுப்பட்டி கட்டாமல், வெளிச்சத்தை மட்டும் வைத்து பிறஷர் சொல்கிற மலிவு மணிக்கூடுகளை நம்பி வீட்டில் யாருடைய குளிசையையும் கூட்டிக் குறைக்காதீர்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

கடைசியில், படிப்பு முடித்துப் போன ஒரு அக்காவிடம் இரண்டாம் கையாக 14000 ரூபாவுக்கு வாங்கினேன். இரண்டு மாதத் தவணை.

கொஞ்சம் சரித்திரம்: கம்பி இல்லாமல் இதயத்துடிப்பைக் காட்டுகிற மணிக்கூட்டை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது பின்லாந்தின் போலார் நிறுவனம், 1982இல். அதில் பச்சை வெளிச்சம் கிடையாது. நெஞ்சில் ஒரு பட்டி கட்டவேண்டும். பட்டி இதயத்தின் மின்துடிப்பை நேரே பிடித்து மணிக்கூட்டுக்கு அனுப்பும். நாற்பது வருடத்துக்குப் பிறகும் ஓடும்போது கூடுதலாக நம்பக்கூடியது அந்த நெஞ்சுப்பட்டிதான். அது ஏன் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கலஹா வீதியில் படித்தேன்.

168

மூன்றாவது கிழமை. பின்நேரம், தூறல், கொஞ்சம் குளிர். ஹட்டன்காரி முன்னுக்கு, நான் பின்னுக்கு. மெதுவாகத்தான் ஓடினேன், அன்றைக்கு உடம்பும் லேசாகத்தான் இருந்தது. சும்மா கையைத் திருப்பிப் பார்த்தேன். 168.

இன்னும் மெதுவாக ஓடினேன். 168. ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தேன். 167. பிறகு திரும்ப 168. அதுவரைக்கும் நன்றாக இருந்த எனக்கு அப்போதுதான் நெஞ்சு இறுகத் தொடங்கியது. இடது கை உளைகிற மாதிரி இருந்தது. பஸ் ஹோல்ட்டில் போய் இருந்துவிட்டேன். பட்டறைக்குள் நிலத்தில் இருந்த அப்பாதான் கண்ணுக்குள் நின்றார்.

அவள் திரும்பி ஓடிவந்தாள். "ஏய், என்னாச்சு?" நான் மணிக்கூட்டை நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. என் கழுத்தில் இரண்டு விரலை வைத்து, மற்றக் கையில் போனைப் பிடித்து 15 செக்கன் எண்ணினாள். 33. நாலால் பெருக்கினால் 132. மணிக்கூட்டில் இன்னும் 161 நின்றது.

"வோச்சு பொய் சொல்லுது. நீ தண்ணிய குடி."

அடுத்த நாள் கம்பஸ் மருத்துவ நிலையத்துக்குப் போனேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சாதாரணமாக இருந்தது. டொக்டர் மிஸ் அப்பாவைப் பற்றி நிறையக் கேட்டார். யாரும் என்னிடம் அதைப்பற்றி அவ்வளவு கேட்டதில்லை. கடைசியில் சொன்னார்: எண்ணை மட்டும் வைத்துப் பயப்படவேண்டாம். ஓடும்போது நெஞ்சுநோ, மயக்கம், வழமைக்கு மாறான இளைப்பு வந்தால் நிறுத்திவிட்டு வரவேண்டும். மணிக்கூடு என்ன காட்டினாலும் வரவேண்டும், 80 காட்டினாலும் வரவேண்டும். குடும்பத்தில் சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால், கடுமையான பயிற்சி தொடங்க முதல் ஒருதரம் காட்டுவது நல்லது. நான் மணிக்கூட்டுக்குப் பிறகு செய்ததை நீங்கள் முதலில் செய்யுங்கள்.

அந்த 168 எங்கிருந்து வந்தது? ஓட்டக்காரர் மத்தியில் இது தெரிந்த விஷயமாம். ஓடும்போது கை ஆடும், மணிக்கூடும் தோலில் ஒவ்வொரு அடிக்கும் குலுங்கும். ஒளி அந்தக் குலுக்கலுக்கும் கூடிக் குறையும். சிலவேளை மணிக்கூடு இரத்தத்தின் தாளத்தை விட்டுவிட்டு, காலடியின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். அதே வேகத்தில் ஓடி, 30 செக்கனுக்கு எத்தனை அடி வைக்கிறேன் என்று எண்ணினேன். 84. நிமிடத்துக்கு 168.

என் இதயம் என்று நினைத்து நான் பயந்தது என் சப்பாத்துச் சத்தத்துக்கு.

பிறகு விளையாட்டு அணியில் இருக்கிற ஒரு அண்ணாவிடம் நெஞ்சுப்பட்டி இரவல் வாங்கி, இரண்டையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு ஒரு கிழமை ஓடினேன். பட்டியின் உட்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துத்தான் கட்டவேண்டும், காய்ந்திருந்தால் அதுவும் கண்டபடி காட்டும். சும்மா நிற்கும்போது இரண்டும் ஒன்று. சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும்போது இரண்டு மூன்றுதான் வித்தியாசம். ஏற்றத்தில் திடீரென்று வேகம் கூட்டினால் மணிக்கூடு பிந்தித்தான் வரும். குளிரில் இன்னும் மோசம், ஏனென்றால் குளிருக்குத் தோலில் இரத்த ஓட்டம் குறைந்துவிடும். எங்களுடைய நிறத்தோலில் இது சரியாக வேலை செய்யுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பதால் அது நியாயமான கேள்விதான். ஆனால் ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. என் கையில், என் கறுப்பில், இறுக்கிக் கட்டியதுதான் பெரிய வித்தியாசத்தைத் தந்தது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அளவு மேலே, ஓடும்போது மட்டும் ஒரு ஓட்டை கூடுதலாக இறுக்கி, முதல் பத்து நிமிடம் வேகமாக நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு ஓடினால் பாதிப் பிரச்சினை தீரும்.

220இலிருந்து வயதைக் கழித்தால்

எண் சரியாக வந்த பிறகுதான் அடுத்த பிரச்சினை. அந்த எண்ணை வைத்து என்ன செய்வது?

மணிக்கூட்டை முதலில் திறக்கும்போது வயதைக் கேட்கும். பிறகு நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வலயங்கள் போட்டுத் தரும். அனேகமான மணிக்கூடுகள் இதற்கு ஒரு பழைய கணக்கைத்தான் பாவிக்கின்றன: 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு. எனக்கு 22 வயது, ஆகவே 198. 1970களின் தொடக்கத்தில் சில ஆய்வுகளின் தரவுகளைப் பார்த்துப் போட்ட ஒரு பரும்படிக் கணக்கு அது. 2001இல் தனாகாவும் கூட்டாளிகளும் நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வேறொன்று சொன்னார்கள்: வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கவேண்டும். அதன்படி எனக்கு 193. இரண்டுமே சராசரிகள்தான். ஒரு ஆளின் உண்மையான உச்சம் இதிலிருந்து பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது சாதாரணம்.

மணிக்கூடு எனக்கு "இலேசான ஓட்டம்" என்று தந்தது உச்சத்தின் 60 முதல் 70 வீதம், அதாவது 119 முதல் 139. அதுக்குள் என்னால் ஓடவே முடியவில்லை. நாலு அடி வைத்தவுடன் தாண்டிவிடும், கை அதிரும், நிற்பேன். திரும்ப நாலு அடி. ஒரு மாதம் இப்படியே போனது. நான் ஓட லாயக்கில்லாதவள் என்று கிட்டத்தட்ட முடிவே எடுத்துவிட்டேன்.

கார்வோனன் என்ற பின்லாந்துக்காரரின் கணக்கு அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. ஓய்வில் இருக்கும்போதான துடிப்பையும் அவர் சேர்க்கிறார். உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, மிச்சத்தில் வீதம் பார்த்து, திரும்ப ஓய்வுத் துடிப்பைக் கூட்டவேண்டும். என் ஓய்வுத் துடிப்பு அப்போது 80. 193இலிருந்து 80 போனால் 113. அதில் 60 வீதம் 68. அதோடு 80ஐக் கூட்டினால் 148. எழுபது வீதத்துக்கு 159. அதே "60 முதல் 70", ஆனால் 119 எங்கே, 148 எங்கே! கழித்தல் கணக்கொன்று பிழைத்ததற்காக நான் ஒரு மாதம் என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எந்தக் கணக்கும் வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கு. ஓடிக்கொண்டே ஒரு முழு வசனம் பேசமுடிந்தால் அது இலேசான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்கினால் கடுமை. ஹட்டன்காரி ஓடும்போது விரிவுரையாளர்களைப் பற்றி வாயை மூடாமல் கதைப்பாள். நான் "ம்" போடுவேன். "ம்" மட்டும் போடமுடிகிற வேகத்திலிருந்து பதில் சொல்லிச் சண்டை பிடிக்கிற வேகத்துக்கு வர எனக்கு மூன்று மாதம் எடுத்தது. இப்போது 5 கிலோமீற்றர் நிற்காமல் ஓடுவேன். ஓய்வுத் துடிப்பு 72க்கு வந்திருக்கு. பரீட்சைக் கிழமையில் நித்திரை இல்லாமல், பிளேன்ரீயில் ஓடினால் 79. மாதவிடாய்க்கு முந்தின கிழமையும் மூன்று நாலு கூடும், அது இயல்பாம். ஒரு நாளின் எண்ணைப் பார்த்து ஒன்றும் முடிவெடுக்காமல் கிழமைக் கணக்கில் பார்க்கப் பழகிவிட்டேன்.

பட்டறைச் சுவர்

லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாவின் பட்டறைச் சுவரில் பென்சிலால் அளவுகள் எழுதியிருக்கும். நிலை, ஜன்னல், அலுமாரி என்று சின்ன வயதில் இருந்தே பார்க்கிறது. இந்தமுறை ஒரு மூலையில், அளவு மாதிரி இல்லாத எண்கள் வரிசையாக இருந்தன. 58. 60. 57. 58. 56. பக்கத்தில் திகதி.

"இது என்ன அப்பா, எந்த வீட்டு வேலை?"

அப்பா சீவுளியைக் கீழே வைத்தார். கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"அது பலகை அளவு இல்ல மகள். என்ட நாடி."

மாரடைப்பு வந்து வீட்டுக்கு வந்த நாளில் இருந்து ஒவ்வொரு நாள் இரவும் எண்ணுகிறாராம். அம்மாவுக்குத் தெரியாது. பழைய சுவரில் 70, 72 என்று இருந்தது குறைந்து குறைந்து 56க்கு வந்துவிட்டது. அறுபதுக்குக் கீழே போகக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இதயம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுகொண்டு போகுது என்று அவர் நினைத்திருக்கிறார். கிளினிக்கில் கேட்கவில்லை. "பின்னால அவ்வளவு சனம் நிக்குது. இதக் கேட்டுக்கொண்டு நிக்கலாமா?"

நான் கல்லடியில் லைட்டை அணைத்துவிட்டு எண்ணின அதே இரவுகளில், ஒரு சுவர் தள்ளி அவரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். பிசோப்ரோலோல். மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுக்கிற பீற்றா புளொக்கர் வகைக் குளிசை. இதயத்தை ஆறுதலாக அடிக்கவைப்பதுதான் அதன் வேலை. இடையில் அளவைக் கூட்டியிருந்தார்கள், சுவரில் எண் குறைந்ததும் அந்த மாதங்களில்தான். எனக்கு விளங்கியதைச் சொன்னேன். ஆனால் நான் கலைப்பீடப் பிள்ளை, இதில் என் சொல் போதாது. அடுத்த கிளினிக்குக்கு நானும் போனேன். சுவரில் இருந்த எண்களைக் கொப்பியில் பார்த்தெழுதிக்கொண்டு போய்க் காட்டினோம். டொக்டர் பார்த்துவிட்டு, இது குளிசையால்தான், தலைச்சுற்றும் மயக்கமும் இல்லாதவரைக்கும் பிரச்சினை இல்லை, தானாக மட்டும் குளிசையை நிறுத்தவேண்டாம் என்றார். இரண்டு நிமிடம்தான் எடுத்தது. அப்பா அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்காமல் எத்தனை மாதம் இருந்திருக்கிறார்!

வீட்டுக்கு வந்தவுடன், மணிக்கூட்டை அப்பாவுக்குக் கட்டிவிட்டு நடக்கக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். அவருடைய வயதைப் போட்டால் அது வலயங்களும் போட்டுத் தரும். ஆனால் இந்தக் குளிசை எடுக்கிறவர்களுக்கு அந்த வலயங்கள் பொருந்தாது. எவ்வளவு விறுக்காக நடந்தாலும் துடிப்பு அந்த அளவுக்கு ஏறாது, எண்ணை எட்டவேண்டும் என்று உடம்பை வருத்தினால் அதுதான் ஆபத்து. டொக்டரும் மணிக்கூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கதைச்சுக்கொண்டு நடக்கிற அளவுக்கு நடங்க, கதைக்க ஏலாட்டி நில்லுங்க என்றுதான் சொன்னார்.

ஆகவே மணிக்கூட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, பின்நேரம் பழைய கல்லடிப் பாலத்துக்குப் போனோம். வாகனமெல்லாம் புதுப் பாலத்தால் போகிறபடியால் பழையதில் நடக்கலாம். சனம் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றது.

அப்பாவும் நானும் சேர்ந்து நடந்து, சேர்ந்து கதைத்து எத்தனை வருடம் என்று தெரியாது. முதலில் இரண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. பாதிப் பாலம் வரைக்கும் பேசாமலே நடந்தோம். பிறகு அப்பா சிரித்துக்கொண்டு சொன்னார்:

"கதைக்கச் சொன்னவர் மகள். ஏதாவது கதை, எனக்கு ஏலுதா எண்டு பாப்பம்."

நான் அந்தப் பாணின் கதையில் இருந்து தொடங்கினேன்.